சூளை ஆறும்வரை

ஜனவரி 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் மூட்டுவலி உன் பேச்சைக் கேட்காது என்று தெரியும். மற்றபடி நீ நலம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். இதில் நான் சொல்லி முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. நீயும் கடிதமே எழுது. நானும் வாயை மூடிக்கொண்டு படிக்கிறேன்.

விஷயம் இதுதான். மே மாதக் கடைசியில் நீ ஓய்வு பெறப்போகிறாய். அதுவரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இப்போதே வேலையை விட்டுவிட்டு இங்கே வந்துவிடு. ஆஸ்பத்திரியில், பக்கவாதம் வந்தவர்களை நடக்கப் பழக்கும் பிரிவை மொத்தமாக என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நான் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய பொறுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் வாலுவைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஆள் இல்லை. பக்கத்து வீட்டு டீச்சர் தன் பிள்ளைகளோடு சேர்த்து இவளையும் கூட்டி வருகிறார். எத்தனை நாளைக்கு அவரைத் தொந்தரவு செய்வது?

வாலு முன்பல் ஒன்றை விழுங்கிவிட்டாள். வயிற்றுக்குள் அது எதையாவது கடிக்குமா என்று கேட்கிறாள்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
மகள்.

ஜனவரி 21

அன்பு மகளே,

நீயும் மாப்பிள்ளையும் வாலுவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். பல் கடிக்காது என்று அவளிடம் சொல்.

நான் வரமாட்டேன்.

இதைப் போனில் சொல்லியிருந்தால் நீ துண்டித்திருப்பாய். கடிதத்தைத் துண்டிக்க முடியாதே, மேலே படி. முப்பது வருஷமாக இந்தத் தொழிற்சாலையில் மின்கம்பத்துக்குப் பீங்கான் செய்தேன். கடைசி நாலு வருஷமாகத்தான் இந்தக் குழாய். அது என்னவென்று நீ ஒருதரம்கூடக் கேட்டதில்லை, கேட்காமலே சொல்கிறேன். விரல் பருமனில் பீங்கான் குழாய். உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துளைகள். அதன்மேல் பல்லேடியம் என்கிற உலோகமும் வெள்ளியும் கலந்த பூச்சு, தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அதைச் சூடாக்கி, பல வாயுக்கள் கலந்த காற்றை வெளிப்பக்கம் விட்டால் ஹைட்ரஜன் மட்டும் உலோகத்துக்குள் கரைந்து உள்பக்கம் போய்ச் சேரும். மற்ற எதற்கும் வழி கிடையாது. உரத் தொழிற்சாலைக்காரர்கள் இப்போது வீணாக எரித்துத் தள்ளும் வாயுவிலிருந்து ஹைட்ரஜனை மீட்க இந்த உலோகச் சவ்வுதான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

இதுவரை செய்தது ஒன்றும் தேறவில்லை. பெரிய முதலாளி போனபின் அவர் மகன் ஒரு புது மேலாளரைக் கொண்டுவந்திருக்கிறார். அவர் என் மேசையைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "இன்னும் இதையேதான் கட்டி அழுவுறீங்களா?" என்கிறார். அவருக்குப் பதில் சொல்லாமல் எப்படி வருவேன்?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா.

பிப்ரவரி 5

அம்மாவுக்கு,

வாலுவுக்கு ஒரு வாரம் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. அவளை டீச்சர் வீட்டில் விட்டுவிட்டு, யார் யாரையோ கையைப் பிடித்து நடக்க வைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் கிழியும்.

பெற்ற பெண் கூப்பிடுகிறேன். உனக்கு அந்தக் குழாய்தான் பெருசா?

மகள்.

பிப்ரவரி 14

அன்பு மகளே,

குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது கேட்டு நிம்மதி. கஷாயம் அது இது என்று யார் பேச்சையும் கேட்காமல் டாக்டர் கொடுத்ததை மட்டும் கொடு.

ஆமாம், பெருசுதான். உன்னைவிடவா என்று கேட்காதே. நீ பிரசவ வலியோடு இருந்தபோது நான் வந்தேனா இல்லையா? அப்போதும் சூளையில் வேலை இருந்தது. இப்போது உனக்கு வேண்டியது பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஓர் ஆள். எனக்கு வேண்டியது மே மாதம்வரை நேரம். அதற்கப்புறம் எனக்கு இந்தக் கதவு திறக்காது.

என்னிடம் இருப்பது இரண்டு பேர். சூளைக்காரர் ஒருவர், கோபம் வந்தால் சூளையோடுதான் பேசுவார். இன்னொருத்தி உலோகப் பூச்சு வேலை செய்யும் பெண். ரசாயனம் படித்தவள். தலை தேன்கூடு மாதிரி இருப்பதால் சுருட்டை என்று கூப்பிடுகிறோம். போன வாரம் அவள் பூசிய குழாயைத் தண்ணீரில் முக்கிக் காற்று அடித்தோம், சைக்கிள் கடையில் பஞ்சர் பார்ப்பார்களே, அதே மாதிரி. நுனியிலிருந்து அடிவரை குமிழி. பீங்கானின் மேல்பரப்பு கரடுமுரடாக இருந்தால் உலோகம் மேடுபள்ளத்தில் சரியாக உட்காராது. நடுவில் இன்னும் நைசான ஒரு பூச்சு வேண்டும். அதைத்தான் தேடுகிறோம். சுருட்டை அழுதாள். "அழுதுட்டு வா, அடுத்ததுக்குக் கரைசல் கலக்கணும்" என்றேன்.

இரண்டு கடிதத்திலும் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வரியைக் காணோம். அவருக்கும் வேலை அதிகமோ? காய்ச்சலின்போது அவர் விடுப்பு எடுக்கவில்லையா?

அம்மா.

மார்ச் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

பதில் தாமதம், மன்னித்துக்கொள். எல்லோரும் சௌக்கியம்.

என் பிரிவில் ஒரு தையல்காரர் இருக்கிறார். வலது பக்கம் முழுக்க விழுந்து வந்தவர். நேற்று கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவர்வரை தனியாக நடந்தார். சுவரைத் தொட்டதும் திரும்பிப் பார்த்து, "டாக்டரம்மா, சுவரை இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை.

வாலு நன்றாக இருக்கிறாள். உன் குழாய்கள் எப்படி?

மகள்.

மார்ச் 25

அன்பு மகளே,

நீயும் வாலுவும் நலம்தானே? தையல்காரருக்கு என் வணக்கம். அவர் சொன்னதைச் சுருட்டையிடம் சொன்னேன், அன்று முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒரு நல்ல செய்தி. நடுப் பூச்சு அமைந்துவிட்டது. மாவாக அரைத்து, அதையும் மறுபடி அரைத்து, பால் மாதிரி கரைத்துக் குழாயை முக்கியெடுத்தோம். அதன்மேல் உலோகம் போட்டுத் தண்ணீரில் விட்டால் ஒரு குமிழி இல்லை. சூளைக்காரர் நம்பாமல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். "காத்து அடிக்கிறியா இல்லையா?" என்று சுருட்டையைக் கேட்டார்.

ஒன்று தேறினால் போதாது. உரத் தொழிற்சாலைக்கு ஒரு கட்டு வேண்டும். மேலாளர், "வெள்ளியை விட்டுடுங்க, பல்லேடியம் மட்டும் போதும், வேலை பாதியாகும்" என்கிறார். வெள்ளி இல்லாத சவ்வு, சூடு குறைந்த நேரத்தில் ஹைட்ரஜன் பட்டால் உப்பிக் கிழிந்துபோகும். சொன்னேன். "உங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு காரணம் இருக்கு" என்றார். இருக்கிறதே, என்ன செய்ய?

நேரத்துக்குச் சாப்பிடு. குழந்தைக்கு முன்னால் அழாதே. தனியாகவும் ரொம்ப அழாதே.

அம்மா.

ஏப்ரல் 2

அம்மா,

இந்தத் தடவை நீ அவரைக் கேட்கவில்லை. கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து, போனிலோ கடிதத்திலோ, நீ 'மாப்பிள்ளை'யை விசாரிக்காத முதல் தடவை இது. அழாதே என்று வேறு எழுதியிருக்கிறாய். யார் சொன்னார்கள்?

சரி, என் வாயால் கேட்டுக்கொள். நவம்பரில் அவருக்கு வேறு ஊரில் பெரிய பதவி கிடைத்தது. அதே வாரம்தான் எனக்கும் இந்தப் பிரிவைக் கொடுத்தார்கள். அவர் அக்கா வந்து, என் ராஜினாமாவை எப்போது எழுதுவது, எந்த நாளில் கிளம்புவது என்று எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டார். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். "அக்கா சொல்றதுல என்ன தப்பு?" என்றார். நான் வரவில்லை என்றேன். "அப்ப நீயே இருந்துக்கோ" என்று பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சண்டைகூடப் போடவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

உன்னிடம் சொன்னால் நீ அவரைத் திட்டுவாய், அல்லது என்னைத் திட்டுவாய். இரண்டையும் தாங்கும் தெம்பு அப்போது இல்லை. நீ சும்மா வந்து இருந்தால் போதும் என்று தோன்றியது.

மகள்.

ஏப்ரல் 9

என் கண்ணே,

உன்னைத் திட்டமாட்டேன். அவரைத் திட்டி முடித்தாயிற்று, சூளைப் பக்கத்தில் நின்று. சூளைக்காரர் நல்ல நல்ல வார்த்தைகளாக எடுத்துக் கொடுத்தார்.

சொன்னது உன் சித்தப்பா. மார்ச் மாதம் தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அவரைத் தூது அனுப்பியிருக்கிறார்கள். "அண்ணி, நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவ கேப்பா. வேலைய விட்டுட்டுப் புருஷனோட போய்ச் சேரச் சொல்லுங்க."

"நான் சொன்னா கேக்கறவளா இருந்தா அவ என் பொண்ணே இல்ல தம்பி."

"அதுக்காகப் பொம்பளப் பிள்ளை தனியா கிடக்கணுமா?"

"தனியா எங்க கிடக்கா? நிக்கறா. நாலு பேரையும் நிக்க வெக்கறா. நீங்க கிளம்புங்க, கரைசல் காத்துக்கிட்டிருக்கு."

இதை எழுதக் கை வரவில்லை. நீயாகச் சொல்லட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. காய்ச்சலோடு குழந்தையை விட்டுவிட்டுப் போனேன் என்று எழுதினாயே, அன்றைக்கு உன் கூட யாருமே இல்லை என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்குப் போய்வர ஆள்தானே என்று எழுதினேன்.

பெட்டியைப் பரண்மேலிருந்து இறக்கிவிட்டேன். ஒரு வார்த்தை எழுது, அடுத்த வண்டியில் வருகிறேன். குழாய் கிடக்கட்டும்.

அம்மா.

ஏப்ரல் 17

அன்புள்ள அம்மா,

வராதே.

ஜனவரியில் வா வா என்று கெஞ்சியவள்தான் இதை எழுதுகிறேன். இப்போது நீ வேலையை விட்டுவிட்டு வந்தால் அவர்கள் என்ன சொல்வார்கள்? 'பார்த்தியா, தனியா சமாளிக்க முடியல, அம்மாவ வரவழைச்சுட்டா' என்பார்கள். உன் மேலாளர் என்ன சொல்வார்? 'முடியாதுன்னு அந்தம்மாவுக்கே தெரிஞ்சுபோச்சு' என்பார். ஒரே வண்டியில் இரண்டு பேரையும் ஜெயிக்க வைக்க வேண்டுமா?

டீச்சரிடம் முழுதாகச் சொல்லிவிட்டேன். அவர் என் தலையில் குட்டி, "இதை நவம்பர்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். மாலையில் அவர் பிள்ளைகளோடு வாலு. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பிள்ளைகள் மூவரும் என் வீட்டில். அன்று அவர் தூங்குகிறார். கணக்கு நேராகிவிட்டது. வீடுதான் சந்தைக்கடை.

பெட்டியைப் பரணிலேயே ஏற்று. மூட்டுவலியோடு நீயே ஏறாதே, சுருட்டையைக் கூப்பிடு. குழாயை முடித்துவிட்டு எழுது.

உன் மகள்.

ஜூன் 6

அன்பு மகளே,

நலமா? நான் நலம். இடுப்புதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. காரணத்தைக் கேள்.

கடைசிக் கட்டுக் குழாய்களை நடுப் பூச்சோடு மே மாதக் கடைசியில் சூளைக்குள் வைத்தோம். நான் ஓய்வு பெறும் நாளன்று சூளை ஆறிக்கொண்டிருந்தது. அவசரப்பட்டு ஆறவைக்கக்கூடாது. உள்ளே குழாய் ஒரு மாதிரியும் அதன்மேல் உள்ள நடுப் பூச்சு ஒரு மாதிரியும் சுருங்கும். மெதுவாக ஆறினால் இரண்டும் அனுசரித்துப் போகும். வேகமாக ஆறினால் விரிசல். அந்த விரிசல் நம் கண்ணுக்குத் தெரியாது, வாயுவுக்குத் தெரியும்.

எல்லோரும் கைதட்டி என்னை அனுப்பி வைத்தார்கள். மறுநாள் காலை சூளைக்காரர் போன் செய்தார். உரத் தொழிற்சாலையிலிருந்து பொறியாளர் பார்க்க வருகிறாராம். குழாயைக் கையில் காட்ட வேண்டும் என்று மேலாளர் சூளையைத் திறக்கச் சொல்கிறாராம். நான் கிளம்பிப் போனேன். வாசலில் காவலாளி, "அம்மா, இனிமே உங்கள உள்ள விட உத்தரவு இல்ல" என்றார். "அப்ப நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றேன். நின்றார்.

சுருட்டை ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சூளைக் கதவில் முதுகு படும்படி உட்கார்ந்துகொண்டேன். மேலாளர் வந்தார்.

"மேடம், நீங்க இப்ப இங்க வேலை பாக்கற ஆள் இல்ல."

"அதனாலதான் நீங்க சொல்றதக் கேக்க வேண்டியதில்ல."

"கதவைக் கொஞ்சம் திறந்து ஒரு விசிறி வெச்சா போதும்."

"நாலு வருஷம் இந்த விசிறியில போயிடும். தள்ளி நில்லுங்க, சூடு அடிக்கும்."

ஆளைக் கூப்பிட்டுத் தூக்கச் சொல்வேன் என்றார். சூளைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் உருவத்தைப் பார்த்து யாரும் கிட்ட வரவில்லை. இந்தக் கூத்துக்கு நடுவில் அந்தப் பொறியாளர் வந்துவிட்டார். நெடுநெடுவென்று ஒரு பெண். சிரிக்கத் தெரியாத முகம். "யார் இவங்க?" என்றார். "முன்னாள் ஊழியர்" என்றார் மேலாளர். அந்த அம்மா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்து, "ஏன் திறக்கக்கூடாதுன்னு சொல்லுங்க" என்றார். சொன்னேன். நடுவில் கேள்விமேல் கேள்வி. கடைசியில் எழுந்து, "ஆறட்டும். நான் அப்புறம் வரேன்" என்று சொல்லிப் போய்விட்டார்.

மறுநாள் சூளைக்காரரே கதவைத் திறந்தார். நான் வாசலுக்கு வெளியே இருந்தேன், என்னை அதற்குள் நிஜமாகவே வெளியேற்றிவிட்டார்கள். சுருட்டை ஓடிவந்து, "ஒண்ணுகூட விரியல மேடம்" என்றாள். பூச்சு வேலை இனி அவள் கையில். "வெள்ளி?" என்றேன். "போடாம எப்படி? அவர் இல்லாத நேரமாப் பாத்துப் போட மாட்டேன், அவர் முன்னாலயே போடுவேன்" என்றாள்.

உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகுநாளாகிறது. வாலு எப்படி இருக்கிறாள்?

அம்மா.

ஜூலை 12

அன்பு மகளே,

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நலமாக இருந்தால் சரி. போன் செய்யக் கை போனது, நிறுத்திக்கொண்டேன்.

உரத் தொழிற்சாலையில் குழாய்களை மாட்டிப் பார்த்தார்கள். நெடுநெடு பொறியாளர் என்னைத் தன் விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார். சின்ன முதலாளி, மேலாளர், சுருட்டை எல்லோரும் இருந்தோம். சூடேற்றி வாயுவை விட்டதும் மறுபக்கம் ஹைட்ரஜன் சுத்தமாக வந்தது. மேலாளர் கைகொடுக்கப் போனார். அந்த அம்மா கையை நீட்டவில்லை. சூட்டை இறக்கு, ஏற்று, மறுபடி இறக்கு என்று நாள் கணக்கில் வாட்டினார். "உடைச்சே தீருவீங்க போலிருக்கே" என்றேன். "என் ஆலையில ராத்திரி பகலா நிக்கப்போறது இது. இப்பவே உடைஞ்சா நல்லது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஒரு குழாய் கசிந்தது. உலோகத்தில் இல்லை, முனையில் அடைப்பு வைத்த இடத்தில். மேலாளர் என் காதருகே, "இதப் பெருசு பண்ணாதீங்க" என்றார். நான் உரக்கவே சொன்னேன்: "அஞ்சாவது குழாய் முனையில ஒழுகுது. அடைப்பு எங்க தப்பு. மாத்தித் தரணும்." பிறகு பொறியாளர் முதலாளியைப் பார்த்து, "மத்ததெல்லாம் எடுத்துக்கறோம். அடுத்த கட்டும் வேணும். ஒழுகினா ஒழுகுதுன்னு சொல்ற ஆள்தான் அதையும் செய்யணும்" என்றார்.

சின்ன முதலாளி என்னை மறுபடி கூப்பிட்டார், மேலாளருக்குக் கீழே ஆலோசகராக. மாட்டேன் என்றேன். அந்தப் பிரிவுக்குச் சுருட்டை தலைவியாக இருந்தால், அவளுக்குக் கீழே வருகிறேன் என்றேன். யோசிக்கிறேன் என்றவர் நாலு நாள் கழித்து ஒப்புக்கொண்டார். திங்கள் முதல் அவள் எனக்கு மேலதிகாரி. முதல் உத்தரவாக, "மேடம், மூட்டுவலியோட தரையில உக்காரக்கூடாது" என்றாள்.

ஒரு வரியாவது எழுது.

அம்மா.

ஜூலை 24

அன்புள்ள அம்மா,

நலம். நானும் வாலுவும் நிஜமாகவே நலம். எதுவும் முடிவாகாமல் எழுதக்கூடாது என்று இருந்தேன். இப்போதும் முடிவாகவில்லை, ஆனால் நீ போன் செய்துவிடுவாய் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

ஜூன் நடுவில் எல்லோரும் வந்தார்கள். சித்தப்பா, உன் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அக்கா. கூடத்தில் நாற்காலி போதாமல் வாலுவின் முக்காலியில் சித்தப்பா உட்கார்ந்தார். அக்கா, "கடைசியா என்னதான் சொல்றே?" என்று கேட்டார். "நான் இங்கதான் இருக்கேன். வேலைய விடமாட்டேன். அவருக்கு இந்த வீட்டுக்கு வழி தெரியும்" என்றேன். "இவ்வளவு திமிரா?" என்றார். "ஆமா" என்றேன். ஆமா என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் அவர்களுக்குப் பேச ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது அம்மா. உன் மாப்பிள்ளை மட்டும் நிமிர்ந்து பார்த்தார். வாலு செருப்பை நீட்டினாள், வாரை மாட்டிவிட்டார். எல்லோரும் போனார்கள்.

போன வாரம் தனியாக வந்தார். பெரிய பதவியை விட்டுவிட்டு, பழைய அலுவலகத்திலேயே வேலை கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். "அன்னிக்கு நான் உன் பக்கம் பேசியிருக்கணும்" என்றார், வாசல்படியில் நின்றபடியே. "உள்ள வரலாமா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல" என்றேன். கோபித்துக்கொண்டு போவார் என்று நினைத்தேன். போகவில்லை. எதிர் வீட்டு மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறார்! தினமும் காலையில் வந்து வாலுவைப் பள்ளிக்குக் கூட்டிப் போகிறார், மாலையில் கூட்டி வந்து வாசலில் விட்டுவிட்டு மாடிக்குப் போகிறார். டீச்சர் ஜன்னலில் நின்று இதை ஒரு நாள் விடாமல் பார்க்கிறார்.

சித்தப்பா போன் செய்து, "இப்படி நடுத்தெருவுல நிக்க வெக்கறியே, நாலு பேர் பாக்கறாங்க" என்றார். பார்க்கட்டும்.

என்ன செய்வேன் என்று கேட்காதே. எனக்கே தெரியாது. மன்னிப்பேனா, மாட்டேனா, அது என் வேகத்தில்தான் நடக்கும், அவர் வேகத்திலும் இல்லை, உன் வேகத்திலும் இல்லை. உனக்கு லீவு கிடைத்தாலும் இப்போதைக்கு வராதே. சூளைக் கதவை மறித்து உட்காருகிற ஆள்தான் நீ, ஆனால் ஒருவர் வாசலில் நிற்பதைப் பார்த்தால் உனக்கு மனசு பொறுக்காது. உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்துவிடுவாய்.

அந்த டீயை நான்தான் போடுவேன் அம்மா. எனக்குத் தோன்றுகிற அன்றைக்கு.

உன் மகள்.